வால்வுப் பெட்டி

அப்பனும் மகளும் பேசி மூன்று வருஷம் ஆகிறது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு வால்வினால் வந்த சண்டை என்பது எனக்குத்தான் சரியாகத் தெரியும். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் மெக்கானிக் அண்ணனின் ஷெட்டும் வீடும், இந்தப் பக்கம் என் கடை. கார் சீட்டுக்கு உறை தைப்பது என் தொழில். தையல் மெஷினை நிறுத்தினால் அந்த வீட்டில் கரண்டி விழுவதுகூடக் கேட்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். சுவரை மெல்லிசாகக் கட்டியது நான் இல்லை.

அண்ணனிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. யாரோ பாதியில் கைவிட்டதை வாங்கி, ஐந்து வருஷம் பாடுபட்டு ஓட வைத்தார். அதன் எஞ்சினோடு சூப்பர்சார்ஜர் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடு ஏறும்போது அது திணிக்க வேண்டும். சும்மா நிற்கும்போதும் இறக்கத்தில் உருளும்போதும் திணிக்கக் கூடாது, வந்த காற்றை வந்த வழியே சுற்றி விட்டுவிட வேண்டும். அப்படிச் சுற்றி விடுகிற கதவுதான் பைபாஸ் வால்வு. அதைத் திறந்து மூடுவதற்கு ஒரு தகர டப்பாவும் அதற்குள் ஒரு ரப்பர் சவ்வும் இருந்தன. எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில் சவ்வு இழுபட்டால் வால்வு திறக்கும், உறிஞ்சல் விட்டால் மூடும். எனக்கே புரிந்துவிட்டது என்றால் பாருங்கள்.

மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ரப்பருக்கு எஞ்சினின் மூச்சு மட்டும்தான் தெரியும், ஓட்டுகிற ஆளின் கால் என்ன கேட்கிறது என்று தெரியாது என்பாள். மிதியையும் அளந்து, காற்றின் அழுத்தத்தையும் அளந்து, இரண்டையும் பார்த்து ஒரு சின்ன மோட்டாரால் வால்வைத் திருப்புகிற மாதிரி ஒரு பெட்டி செய்தாள். வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில் எட்டு மாசம். மாட்டியும் விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் கூட்டாளிகள் நாலைந்து பேர் கார்களோடு மேட்டு ரோட்டுக்குக் கிளம்பினார்கள். அதில் ஒருவன், பெயிண்டர், பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"இதென்னப்பா தீப்பெட்டி? நடுவழியில கரண்டு போச்சுன்னா வால்வு மூடிக்கும், எஞ்சின் பொளந்துக்கும். பொட்டப்புள்ள விளையாட எஞ்சினையா குடுத்த?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே கையை விட்டு ஒயர்களைக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழைய டப்பாவை மாட்டினார். மகள் வாசலில்தான் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை, வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று துணிமணியையும் அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவுக்குத் தினமும் போன் வரும். அப்பாவைக் கேட்க மாட்டாள். அவரும் போனுக்குக் கை நீட்ட மாட்டார். அப்படி ஒரு வீம்பு, இரண்டு பேருக்கும்.

இந்த மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. சவ்வு கிழிந்தது. அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடிப் பல வருஷம் ஆகிவிட்டதால் மாற்றுச் சவ்வு எங்கேயும் கிடைக்கவில்லை. இது ஒன்று. இன்னொன்றை அண்ணி வந்து சொன்னாள். வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவ வெளிநாடு போறாளாம்மா. நாலு வருஷம் ஒப்பந்தமாம். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு."

"போறதுக்கு முன்னாடி இங்க வருவால்ல?"

"வந்துட்டுப் போடின்னேன். அப்பா கூப்பிட்டாரான்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?" வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் எதற்கு வருகிறது என்று நானும் கேட்கவில்லை. "அந்த மனுஷன்கிட்டச் சொன்னா, 'அப்படியா'ங்கறாரு. நாலு வருஷங்கறேன், அப்படியாவாம்!"

அண்ணன் போனை எடுத்து 'வாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக அவர் ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தார். மறுநாள் காலையிலேயே ஷெட்டில் மேஜையைத் துடைத்துச் சால்டரிங் அயர்னை எடுத்து வைத்துவிட்டார். டெலிவரி வேன்களுக்கு கிளட்ச் மாற்றுகிற கை. அந்தக் கையில் கடுகு மாதிரி ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

அன்று மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் தேநீர் குடிக்கப் போயிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. அண்ணி இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்பவள். அந்த மெஷின் இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம். போனில் சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்திருப்பாள், அந்தப் பக்கம் பேசுவது அறைக்கே கேட்கும்.

"இந்தா, உன் பொண்ணுகிட்ட ஒண்ணு கேளு," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு மட்டும்தான் பொண்ணா?"

"கேளுன்னா கேளு. வால்வைத் திருப்புற மோட்டாருக்கு எத்தனை வோல்ட்டு குடுக்கணும்னு."

"கண்ணு, உங்கப்பா என்னமோ வோல்ட்டுங்கறாரு. மோட்டாருக்கு எத்தனைன்னு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அண்ணி போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். "லைன்ல இருக்கியாடி?"

"இருக்கேன். எதுக்காம்?"

"சவ்வு கிழிஞ்சு போச்சு. பெட்டி செய்யறாரு."

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது: "அஞ்சு வோல்ட்டு. பேட்டரியிலேருந்து நேரா குடுத்தா எரிஞ்சுடும்னு சொல்லு."

"அஞ்சாம். நேரா குடுத்தா எரிஞ்சுடுமாம்."

"அது எனக்குத் தெரியும்னு சொல்லு."

"அது அவருக்குத் தெரியுமாம்."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குக் கேக்குறாராம்?"

அண்ணி போனைப் பொத்திக்கொண்டு, "ரெண்டும் என் உயிரை வாங்குறதுக்குன்னே பொறந்திருக்குங்க," என்று என்னிடம் சொன்னாள். ஆனால் மூன்று வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி. எந்த ஒயர் எங்கே, எந்த சென்சார் வாங்குவது, மழையில் பெட்டிக்குள் ஈரம் போனால் என்ன செய்வது. பெட்டிக்குள் ஏற்ற வேண்டிய புரோகிராமை மகள் எழுதி அம்மாவின் போனுக்கு அனுப்புவாள். அண்ணன் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதைப் பெட்டியில் ஏற்றுவார். பாதிக் கேள்விக்குப் பதில் அவருக்கே தெரியும் என்று எனக்குப் போகப்போகப் புரிந்தது. போன் அடிக்கிற நேரம் பார்த்து ஷெட்டை விட்டுவிட்டு உள்ளே வந்து, ஸ்குரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி அலமாரியைக் குடைந்துகொண்டு நிற்பார். போனிலிருந்து வருகிற குரலுக்காகத்தான் அந்த நிற்பு. பேச்சு முடிந்ததும், தேடியது கிடைக்காமலே திரும்பிப் போவார். ஏங்கிப் போயிருந்தார் மனுஷன். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. ரொட்டியும் பருப்பும் தட்டில் இருந்தன. அண்ணன் ஒரு துண்டைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஓடிட்டிருக்கும்போது கரண்டு போனா வால்வு எந்தப் பக்கம் நிக்கும்னு கேளு."

அண்ணி கேட்டாள். இந்தத் தடவை வந்த பதில் மற்ற நாள் மாதிரி வெடுக்கென்று வரவில்லை.

"திறந்த பக்கம்மா. ஒரு ஸ்பிரிங் இருக்கு, அது இழுத்துத் திறந்துடும். காத்து சுத்திப் போயிடும், எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது, வேகம் மட்டும் கம்மியாகும்." கொஞ்சம் நிறுத்தினாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடியும் அப்படித்தான் வச்சிருந்தேன்னு சொல்லு. அதைத்தான் முதல்ல யோசிச்சேன்னு சொல்லு."

அண்ணி திரும்பிச் சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அவர் காதில் விழுந்துவிட்டது. கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து ஷெட்டுக்குப் போனார். நான் என் கடைக்குத் திரும்பும்போது பார்த்தேன், கவிழ்த்து வைத்த ஆயில் டின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பெயிண்டருக்கு என்னம்மா தெரியும்," என்றார் என்னைப் பார்த்து. "சுவத்துக்கு அடிக்கிறவன். அவன் சொன்னான்னு நான்... ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா."

"இப்பப் போய்ச் சொல்லுங்கண்ணே அதை. போன் இன்னும் வைக்கலை."

"பெட்டி முடியட்டும். வெறுங்கையோட என்னத்தப் பேச?"

நாலாவது வாரம் பெட்டியைக் காரில் மாட்டியாயிற்று. முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் இரண்டு எண் தெரியும். மேலே, மிதி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று. கீழே, எஞ்சின் வாயில் காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று. அந்த எண்களைப் பார்த்துத்தான் வால்வை எப்போது மூடுவது என்று மகள் கணக்குப் போட வேண்டும். அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டு எஞ்சினைக் கையால் முடுக்குவார். அண்ணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போனில் எண்களைப் படிப்பாள். எஞ்சின் போடுகிற சத்தத்தில் அவள் படிப்பது அவருக்குக் கேட்காது.

அங்கே பிடித்தது சனி. மகள் அனுப்புகிற கணக்கை ஏற்றினால் வால்வு தலைகீழாக வேலை செய்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டு, கார் வலிப்பு வந்த மாதிரி உதறும். முடுக்கினால் திறந்துகொண்டு, உயிரே இல்லாமல் போகும்.

"ஒயரை மாத்திக் குடுத்திருக்காரு, பாக்கச் சொல்லும்மா," என்றாள் மகள்.

"என் ஒயரிங் சரியா இருக்கு, அவ கணக்கைப் பாக்கச் சொல்லு," என்றார் அண்ணன்.

சென்சாரை மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். "முடுக்க முடுக்க நம்பர் இறங்குது, சைபருக்கு வந்துட்டு மறுபடி ஏறுது. இது எந்த ஊரு நியாயம்மா?" என்று மகள் அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. வெளியில் மழை, ஷெட்டுக்குள் புகை, இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணி. லாண்டரியிலிருந்து வந்து கையைக்கூடக் கழுவாமல் எண் படித்தாள், பாவம்.

கிளம்புவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது இரண்டு பேருக்கும் பொறுமை போய்விட்டது. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாத்துட்டா எஞ்சின் ஓடிருமா? அன்னைக்கே..." என்று ஆரம்பித்தார் அண்ணன். அண்ணி கையிலிருந்த தேநீர்த் தட்டை மேஜையில் வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது. அவர் மிச்சப் பேச்சை விழுங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பக்கம் கேட்டுவிட்டது.

"எனக்கு மூட்டை கட்டுற வேலை இருக்கும்மா," என்றாள் மகள். "வேற யாரையாவது வச்சுப் பாத்துக்கச் சொல்லு."

அண்ணன் போய்க் காருக்குத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். மூலையில் மடிந்திருந்ததை நீவிவிட்டு, மறுபடி நீவிவிட்டு, அங்கேயே நின்றார். முடிந்தது கதை என்று நானும்தான் நினைத்தேன்.

அண்ணி விடவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கெஞ்சினாளோ அதட்டினாளோ, மறுநாள் காலையில் என் கடை வாசலில் வந்து நின்றாள். "ரோட்டுல ஓட்டிப் பாத்து ஒரே ஒரு தடவை நம்பர் சொல்லணுமாம். இதுதான் கடைசின்னுட்டா. நீயும் வா. பெட்டியைக் கழட்டி நீள ஒயர்ல விட்டிருக்காரு, மடியில வச்சுக்க ஆள் வேணும்."

பாதி தைத்த சீட்டை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். மழை விட்டு ரோடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் ஓட்டினார், அண்ணி பக்கத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பின்சீட்டில், மடியில் பெட்டியும் பக்கத்தில் லேப்டாப்பும். அண்ணிக்கு இரண்டு கையும் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் சாய்த்து வைத்திருந்தாள். மகள் "ம், சொல்லும்மா" என்றபோது, குரல் எல்லோருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

மேட்டு ரோட்டின் அடியில் காரை நிறுத்தினார். எஞ்சின் உதறிக்கொண்டே ஓடியது.

"மேல சைபர்," என்று படித்தாள் அண்ணி. "கீழ அறுபத்திரண்டு."

அண்ணன் தலையைத் திருப்பினார். "என்னது?"

"அறுபத்திரண்டு."

"அதுக்கு முன்னாடி என்ன இருக்கு?"

"முன்னாடி ஒண்ணும் இல்லீங்க. ஒரு கோடு இருக்கு."

அவர் எட்டித் திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், என் மடியில் பெட்டி துள்ளியது.

"மைனஸ்! மைனஸ் அறுபத்திரண்டும்மா! சைபர் வர்ற வரைக்கும் எல்லாமே மைனஸ்!"

மூன்று வருஷம் கழித்து அந்த அப்பன் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அண்ணி திருதிருவென்று விழித்தாள். "எங்க லாண்டரியில மூட்டைக்கெல்லாம் நம்பருக்கு முன்னாடி ஒரு கோடு போடுவோம். யாரும் முன்னாடி இன்னொரு நம்பரை எழுதிடக் கூடாதுன்னு. அந்தக் கோட்டை யாரு படிப்பா? இருபத்திரண்டு வருஷமா படிச்சதில்லையே நான்."

போனில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

"அம்மா! மூணு வாரமா என் மண்டை காஞ்சு போச்சும்மா."

"உன் கணக்குல தப்பில்ல," என்றார் அண்ணன். "உறிஞ்சுறப்ப மைனஸ்தான் காட்டும். அம்மா படிச்ச நம்பருக்கு நீ சரியாத்தான் போட்டிருக்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "உங்க ஒயரிங்லயும் தப்பில்லப்பா," என்று வந்தது.

பத்து நிமிஷத்தில் புதுக் கணக்கு வந்தது. அண்ணன் பின்சீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஏற்றினார். மறுபடி முன்னால் போய் உட்கார்ந்தார். எஞ்சினை முடுக்கினார். உதறல் போய்விட்டது, அது பாட்டுக்கு அமைதியாக நின்று ஓடியது. மேட்டில் ஏற்றினார்.

"மைனஸ் அம்பது," அண்ணி கத்தினாள், இந்தத் தடவை ஊருக்கே கேட்கிற மாதிரி. "மைனஸ் இருவது. மைனஸ் மூணு. சைபர். கண்ணு, இப்பக் கோடு போயிடுச்சுடி! பத்து! இருவத்தஞ்சு! நாப்பது!"

என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்த உறையை நான்தான் தைத்தேன், அவ்வளவு அழுத்தமாக அதில் என்றைக்கும் சாய்ந்ததில்லை. உச்சிக்குப் போய் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். காற்று மட்டும் ஜன்னலில் மோதிக்கொண்டிருந்தது. போனை எடுத்து ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் அப்படியே முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"ஸ்பிரிங் இருக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா?"

"கேட்டிருக்கணும்." கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனுங்க முன்னாடி வெக்கமாப் போச்சும்மா. உன்னால இல்ல. அந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரியல. புரியலைன்னு சொல்ல வெக்கம். அதான் பிடுங்கிட்டேன். தப்பு. பெரிய தப்பு."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"வந்துட்டுப் போம்மா," என்றார்.

"லீவு இல்லப்பா. எல்லாம் முடிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விமானம். நீங்க ஒரு மாசம் முன்னாடி கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

"அப்ப நாங்க வர்றோம். இந்தக் கார்லயே வர்றோம்."

"வேண்டாம்பா! ஒரு நாள் முழுக்க ஓட்டணும், வழியெல்லாம் மலை. இன்னைக்குத்தான் ஒழுங்கா ஓடவே ஆரம்பிச்சிருக்கு. பஸ்ஸில வாங்க. நீங்க வந்தா போதும் எனக்கு."

"இல்ல. உன் பெட்டியை நம்பித்தான் வருவேன்."

"நடுவழியில கரண்டு போயிட்டா?"

"போனா என்ன? வால்வு திறந்துக்கும். மெதுவா வருவேன். நீதானே அப்படி வச்சிருக்க."

அந்தப் பக்கம் அவள் அழுதாள். இப்போது சந்தேகமே இல்லை, அழுகைதான். அழுது முடிக்கட்டும் என்று இவர் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவருக்கும் கண் நிறைந்து, நீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எங்கே நிறுத்தி எஞ்சினை ஆறவிடுவது, குடையை மறக்க வேண்டாம் என்று என்னென்னவோ பேசினார்கள். எல்லாம் பேசி முடிந்துவிட்டது. இனி கேட்பதற்கு ஒரு ஒயர்கூட மிச்சம் இல்லை.

அண்ணி கையை நீட்டினாள். "குடுங்க. நானும் பேசணும் அவகிட்ட."

"இருடி," என்றார் அண்ணன். போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.